வெளிநாட்டில் பார்மசிஸ்டாகப் பதிவு: நம்ம பக்கத்துப் பிள்ளைகள் கேட்பவை

கோபிசெட்டிபாளையத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். குமாரபாளையத்தில் பி.பார்ம் படித்தேன். ஈரோட்டிலும் கோபியிலுமாக ஏழு வருஷம் கவுண்டரில் நின்றேன். பிறகு கனடா போய், ஒன்டாரியோ மாகாணத்தில் பார்மசிஸ்டாகப் பதிவு வாங்கி வேலை பார்த்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊருக்கே வந்துவிட்டேன். வந்த நாளிலிருந்து சத்தி, பவானி, காங்கேயம், திருச்செங்கோடு என்று எங்கெங்கோ இருந்து பிள்ளைகள் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். சில நாள் அப்பா அம்மாவோடு கடைக்கே வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இதே கேள்விகள்தான். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

தமிழ்நாடு பார்மசிக் கவுன்சிலில் என் பெயர் பதிவாகியிருக்குதுங்க அக்கா. அதைக் காட்டினால் அங்கே வேலைக்குப் போதாதா?

போதாது. நம் பதிவு 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டப்படி மாநிலக் கவுன்சில் தருவது. அது இந்தியாவுக்குள்தான் செல்லும். ஒவ்வொரு நாட்டிலும் இதற்கென்று தனி ஆணையம் இருக்கிறது. கனடாவில் மாகாணத்துக்கு ஒன்று. வெளியிலிருந்து வருகிறவரின் படிப்பு, அடையாளம், மொழி, கைவேலை எல்லாவற்றையும் அவர்களே ஒருமுறை பார்த்துத்தான் பெயரைப் பட்டியலில் சேர்ப்பார்கள்.

‘வெளிநாட்டில் பயின்ற மருந்தாளுநர்’ என்று என் கோப்பின் மேல் எழுதியிருந்ததைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் வேலை பார்த்தவளை முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறார்களே என்று ராத்திரி அழுதிருக்கிறேன். அங்கே ஒரு கடையின் அலமாரி முன்னால் நின்றபோதுதான் காரணம் புரிந்தது. நாம் வலிக்கும் காய்ச்சலுக்கும் பார்த்துப் பழகிய நிமிசுலைடு கனடாவிலும் இல்லை, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இல்லை. நம் பாராசிட்டமாலுக்குக் கனடாவில் பெயர் அசிட்டமினோஃபென். இரண்டு மூன்று மருந்தை ஒரே மாத்திரையில் கலந்த சரக்கு நம் கடையில் பாதி இருக்கும், அங்கே குறைவு. பார்மசிஸ்டின் வேலையும் வேறு. ஒன்டாரியோவில் 2023 ஜனவரியிலிருந்து சில சிறு நோய்களுக்குப் பார்மசிஸ்டே மருந்து எழுதித் தரலாம். தடுப்பூசி போடுவதும் அவர் வேலைதான். அந்தப் பொறுப்பைக் கையில் கொடுப்பதற்கு முன் சோதித்துப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், அதுதான் சரி.

டி.பார்ம், பி.பார்ம், பார்ம்.டி: எதை வைத்து எந்த நாட்டுக்குப் போகலாம்?

டி.பார்ம் என்கிற டிப்ளமோ மட்டும் இருந்தால் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா எதிலும் பார்மசிஸ்ட் ஆவதற்கான வழி திறக்காது. கனடாவில் பார்மசி டெக்னீஷியன் என்று தனிப் பதிவு உண்டு, வளைகுடாவில் உதவி மருந்தாளுநர் வேலை உண்டு. டி.பார்ம் முடித்துவிட்டு பி.பார்ம் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அவர்கள் இரண்டு படிப்பின் மதிப்பெண் பட்டியலையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பி.பார்மை மட்டும் அனுப்பினால், முதலாம் ஆண்டு எங்கே போயிற்று என்று கேட்டுக் கோப்பு நின்றுவிடும்.

நான்கு வருஷ பி.பார்மை வைத்துக் கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, வளைகுடா எல்லாவற்றிலும் முயற்சி செய்யலாம்.

அமெரிக்காவுக்கு மட்டும் அது போதாது. 2003 ஜனவரி 1க்குப் பிறகு பட்டம் வாங்கியவர்களின் பார்மசிப் படிப்பு குறைந்தது ஐந்து வருஷப் பாடத்திட்டமாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. பி.பார்முக்கு மேல் எம்.பார்ம் படித்துவிட்டு, ‘நாலும் ரெண்டும் ஆறு’ என்று கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். எம்.பார்ம் ஆராய்ச்சிக்கும் கம்பெனி வேலைக்கும் நல்ல படிப்பு. ஆனால் இந்த ஐந்து வருஷக் கணக்கில் அதைச் சேர்க்க மாட்டார்கள். அமெரிக்காதான் குறி என்றால் பிளஸ் டூ முடித்ததுமே ஆறு வருஷ பார்ம்.டி எடுத்துவிடுங்கள். பார்ம்.டி முடித்தவர்களும் தகுதித் தேர்வு, டோஃபல் என்கிற ஆங்கிலத் தேர்வு, பயிற்சி மணிநேரம், நாப்லெக்ஸ் என்கிற லைசென்ஸ் தேர்வு, மாநிலச் சட்டத் தேர்வு என்று ஒவ்வொன்றாக ஏறித்தான் போக வேண்டும்.

பெயரில் இனிஷியல்தான் இருக்குது. அதனால் ஏதாவது தொந்தரவு வருமா?

வரும். என்னிடம் வருகிறவர்கள் மாட்டிக்கொள்வதில் முக்கால்வாசி இங்கேதான்.

செல்வி என்று ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா பெயர் பழனிசாமி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘செல்வி பி.’ என்று இருக்கும். கல்லூரியில் யாரோ ‘பி. செல்வி’ என்று எழுதியிருப்பார்கள். பட்டத்தில் அது அப்படியே ஏறியிருக்கும். கவுன்சில் பதிவில் ‘செல்வி பழனிசாமி’. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் பழனிசாமி, அல்லது அந்தக் கட்டமே காலி. பழனிசாமியின் எழுத்துகூட ஒரு காகிதத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் இன்னொரு மாதிரி. நமக்கு இதெல்லாம் ஒரே செல்விதான். அங்கே கோப்பைத் திறக்கிற அலுவலருக்கு நான்கு பேர்.

கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும்போதே எல்லாக் காகிதத்தையும் கட்டிலில் பரப்பி வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். திருத்தம் செய்யக்கூடியதை உடனே செய்யுங்கள். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால், பட்டத்தில் உள்ள பெயரை ஒட்டியே, இனிஷியலை விரித்து எடுங்கள். திருத்த முடியாதவற்றுக்கு, எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் போட்டுக்கொள்ளலாம். அதை ஏற்பார்களா, எந்த வடிவில் கேட்பார்கள் என்பதை அந்த ஆணையத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கல்யாணம் ஆகிற பெண்களுக்கு ஒரு வார்த்தை. கோப்பு நடந்துகொண்டிருக்கும்போது பாஸ்போர்ட்டில் வீட்டுக்காரர் பெயரைக் குடும்பப் பெயராக மாற்றாதீர்கள். விசாவுக்கு அவசியம் என்று தோன்றினால் முதலில் ஆணையத்துக்குத் தெரிவித்துவிட்டு மாற்றுங்கள். கணவன் மனைவி உறவைக் காட்டக் கல்யாணச் சான்றிதழ் இருக்கிறது, அதற்காகப் பெயரை மாற்ற வேண்டியதில்லை.

டிரான்ஸ்கிரிப்ட் வாங்க எங்கே போக வேண்டும்? ஜெராக்ஸ் எடுத்து நாமே அனுப்பினால் ஆகாதா?

ஆகாது. டிரான்ஸ்கிரிப்ட் என்பது பல்கலைக்கழகமே தரும் முழு மதிப்பெண் பதிவு. படிப்பு சம்பந்தப்பட்ட காகிதம் உங்கள் கை படாமல், தந்த இடத்திலிருந்தே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் எல்லா நாட்டிலும் கொள்கை.

ஈரோடு, கோவை, குமாரபாளையம் பக்கம் பெரும்பாலான பார்மசிக் கல்லூரிகள் சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. ஊட்டி ஜே.எஸ்.எஸ். கல்லூரியில் படித்தவர்களுக்கு அந்தப் பல்கலைக்கழகம் மைசூரில் இருக்கிறது. சேலத்தில் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் அங்கேயே கேட்க வேண்டும். பட்டத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தின் முத்திரை இருக்கிறதோ அதுதான் கணக்கு. கல்லூரி முதல்வரின் கையெழுத்தோடு ஒரு தாள் வாங்கிக்கொண்டு திருப்திப்பட்டுவிடாதீர்கள்.

அதே மாதிரி, உங்கள் மேல் புகார் எதுவும் இல்லை, பதிவு நடப்பில் இருக்கிறது என்று கவுன்சிலிலிருந்து நன்னடத்தைச் சான்று போக வேண்டும். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்களுக்கு இங்கேதான் கால் தடுக்கும். வெளியே போன பிறகும் தமிழ்நாட்டுப் பதிவை உயிரோடு வைத்திருங்கள்.

வளைகுடாவில் டேட்டாஃப்ளோ என்கிற நிறுவனம் மூலமாகச் சரிபார்ப்பார்கள். பல்கலைக்கழகம், கவுன்சில், நீங்கள் வேலை பார்த்த கடை என்று எல்லா இடத்துக்கும் அவர்களே எழுதிக் கேட்பார்கள். கடை முதலாளி அந்த மின்னஞ்சலைத் திறக்காமல் விட்டால் உங்கள் கோப்பு அங்கேயே கிடக்கும். விண்ணப்பம் போடும் முன்னால் முதலாளியிடம் நேரில் போய், ‘இப்படி ஒரு கடிதம் வருமுங்க, பதில் போட்டுருங்க’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். கடையின் பழைய மின்னஞ்சல் முகவரி வேலை செய்கிறதா என்று அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

ஐந்து வருஷமாக என் சர்டிபிகேட் ஒரு கடையில் இருக்குது, மாசம் பணம் வருது. அதை அனுபவமாகக் காட்டலாமா?

இந்தக் கேள்வியை யாரும் இப்படி நேராகக் கேட்பதில்லை. சுற்றி வளைத்துக் கேட்பார்கள். நான் நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன்: காட்டாதீர்கள். அதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

பி.பார்ம் முடித்த புதிதில் எனக்கும் இப்படி ஒரு அழைப்பு வந்தது. ஒரு கடைக்காரர், ஊரும் பெயரும் வேண்டாம், ‘நீ வரவே வேண்டாங்கண்ணு, சர்டிபிகேட்டை ஃபிரேம் போட்டு மாட்டிட்டுப் போ, மாசம் பொறந்தா பணம் வந்துரும்’ என்றார். வீட்டில் அப்போது ரொம்பக் கஷ்டம். தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். நான் இரண்டு மாதம் மாட்டி வைத்தேன். மூன்றாவது மாதம் அந்த வழியாக பஸ்ஸில் போனபோது கடையில் இறங்கிப் பார்த்தேன். பதினேழு, பதினெட்டு வயசுப் பையன் ஒருவன் ஒரு பாட்டிக்கு மாத்திரையை ஸ்ட்ரிப்பிலிருந்து கத்தரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். காலாவதித் தேதி இருந்த துண்டு கத்தரிக்கோலோடு கீழே விழுந்தது. பாட்டியின் கையில் போன துண்டில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. அவனுக்குப் பின்னால் சுவரில் என் பெயர் தொங்குகிறது. ஃபிரேமைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு வந்தேன். இன்றைக்கும் அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் கூசுகிறது.

சில்லறை விற்பனை லைசென்ஸில் பார்மசிஸ்டின் பெயர் சேர்வது, அவர் மேற்பார்வையில்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்பதற்காக. பார்மசி சட்டத்தின் 42ஆம் பிரிவும் பதிவு பெற்றவர்தான் மருந்து கொடுக்கலாம் என்கிறது. உங்கள் பெயர் ஒரு கடையில் இருந்து, நீங்கள் அதே நாட்களில் வேறு ஊரில் கம்பெனி வேலையில் இருந்தால், வங்கிக் கணக்கும் பி.எஃப். கணக்கும் ஒன்றோடொன்று முட்டும். சரிபார்ப்பில் பொய் என்று ஒருமுறை விழுந்துவிட்டால் அது அழியாது. இன்னொரு நாட்டுக்குப் போட்டாலும் கூடவே வரும். அதைவிட, ஐந்து வருஷம் கவுண்டரில் நிற்காதவருக்கு அங்கே நடக்கும் நேர்முகத் தேர்வில் பேச்சே வராது. ஆறு மாதம் உண்மையாக நின்றவருக்கு வரும்.

கனடாவுக்கு என்னென்ன படி?

முதலில் நாப்ரா என்கிற, மாகாண ஆணையங்களின் கூட்டமைப்பின் இணைய வாசலில் பெயர் பதிந்து ஒரு தேசிய அடையாள எண் வாங்க வேண்டும். அடுத்து கனடா பார்மசித் தேர்வு வாரியம், சுருக்கமாக பி.இ.பி.சி. உங்கள் படிப்புக் காகிதங்களை மதிப்பிடுவார்கள். அது தேறினால் மதிப்பீட்டுத் தேர்வு. கல்லூரியில் படித்த நான்கு வருஷமும் அதில் திரும்ப வரும். இதை இந்தியாவிலிருந்தே எழுதலாம். பிறகு தகுதித் தேர்வு, அது இரண்டு பகுதி: ஒன்று சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது, இன்னொன்று ஓஸ்கி என்கிற நேர்முகச் செய்முறை.

இது தேசிய அளவு. அதற்குமேல் மாகாணத்தின் கணக்கு தனி. மொழித் தேர்வு, மாகாணச் சட்டத் தேர்வு, மேற்பார்வையில் பயிற்சி எல்லாம் அங்கே வரும். டொரன்டோ பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கென்றே ஒரு பாலப் படிப்பு இருக்கிறது. எனக்கு அதுதான் கை கொடுத்தது. கியூபெக் மாகாணத்தின் வழியே வேறு, பிரெஞ்சும் வேண்டும்.

முதல் விண்ணப்பத்திலிருந்து பதிவு எண் கைக்கு வர எனக்கு நான்கு வருஷத்துக்கு மேல் ஆனது. இடையில் ஒருமுறை ஓஸ்கியில் தோற்றேன்.

ஓஸ்கி என்றால் என்ன? எதற்குப் பயப்படுகிறார்கள்?

வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு நோயாளி, அல்லது ஒரு மருத்துவர், அல்லது அழுதுகொண்டிருக்கும் ஒரு தாய். எல்லோரும் நடிப்பதற்குப் பயிற்சி பெற்றவர்கள். சில நிமிஷம்தான். மணி அடித்ததும் அடுத்த அறை. தேர்வில் வந்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதனால் பாலப் படிப்பின் பயிற்சி வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

அறுபது வயசு இருக்கும் ஓர் அம்மா. மூக்கடைப்பு, தூக்கமில்லை என்றார். எனக்கு உற்சாகம், விடை தெரியும். சூடோஎஃபெட்ரின் இருக்கும் மாத்திரையை எடுத்து, எத்தனை வேளை, எத்தனை நாள் எல்லாம் தெளிவாகச் சொன்னேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஆசிரியை என்னிடம் கேட்டார்: ‘அவங்க மடியில் இருந்த பையைப் பார்த்தாயா?’ பை திறந்திருந்தது. உள்ளே ரத்த அழுத்த மாத்திரை டப்பா, மேல்பக்கம் தெரிகிற மாதிரி. அந்த மூக்கடைப்பு மாத்திரை அழுத்தத்தை ஏற்றும். வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்ற ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. எனக்கு மருந்து தெரிந்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவரை நான் பார்க்கவில்லை.

ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். ஈரோட்டுக் கடையில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கவுண்டருக்கு முன்னால் இருபது பேர் நிற்பார்கள். சீட்டை வாங்கு, எடு, பில் போடு, அடுத்த ஆள். ஏழு வருஷத்தில் கை வேகம் வந்தது, கேட்கிற பழக்கம் வரவில்லை. நம் பிள்ளைகள் ஓஸ்கியில் தோற்பது இதனால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இங்கிலீஷைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது: அந்தப் பயிற்சியை இங்கேயே, நம் கடையிலேயே, தமிழிலேயே தொடங்குங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது மூன்று கேள்வி கேளுங்கள். ‘இது யாருக்குங்க?’ ‘வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறாங்களா?’ ‘எந்த மருந்தாவது ஒத்துக்காமப் போயிருக்குதுங்களா?’ முதல் வாரம் எரிச்சலாகப் பார்ப்பார்கள். போன மாதம் என் கடையில் ஒரு தோட்டக்காரர் இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்டு வந்தார். இரண்டாவது கேள்வி கேட்டதும் மடித்து வைத்த சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். இருதய வால்வு ஆபரேஷன் ஆனவர், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபாரின் சாப்பிடுகிறார். இரண்டும் சேர்ந்தால் உள்ளே ரத்தம் கசியும். அவரைத் திருப்பி அனுப்பி, ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போனில் பேச வைத்தேன். கனடா வாரியம் ஓஸ்கியில் எதிர்பார்ப்பது இந்த வேலையைத்தான்.

பிரிட்டன் சுலபம் என்கிறார்களே?

படி குறைவு, சுலபம் என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொதுப் பார்மசிக் கவுன்சில் ஒன்று இருக்கிறது, ஜி.பி.எச்.சி. என்பார்கள். வட அயர்லாந்துக்குத் தனி. நாம் ஓஸ்பாப் என்ற ஒரு வருஷப் படிப்பை அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் முடிக்க வேண்டும். அதன் பிறகு 52 வாரம் மேற்பார்வையில் பயிற்சி. கடைசியில் பதிவுத் தேர்வு, ஜூனிலும் நவம்பரிலும் நடக்கும். மூன்று முறைதான் எழுத முடியும். முதல் தாள் முழுக்கக் கணக்கு, 40 கேள்வி. இரண்டாம் தாளில் 120.

கணக்குதானே என்று விட்டுவிடாதீர்கள். டிரிப் வேகம், குழந்தையின் எடைக்கு மருந்து, கரைசலை நீர்த்தல் எல்லாம் இங்கே இரண்டாம் வருஷத்தோடு மறந்துபோனவை.

ஓஸ்பாப் இடங்கள் குறைவு, கட்டணம் பெரிது. சேரும்போதே 52 வாரப் பயிற்சிக்கு இடமும் விசாவும் எப்படி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்துப் பயிற்சி இடம் கிடைக்காமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியா?

ஆஸ்திரேலியப் பார்மசிக் கவுன்சில் முதலில் படிப்பை மதிப்பிடும். காப்ஸ் என்ற பழைய தேர்வின் புத்தகங்களை வைத்து இன்னும் சிலர் படித்துக்கொண்டிருக்கிறார்கள். 2025இல் அது போய் ஓப்ரா என்ற தேர்வு வந்துவிட்டது. மருந்தின் பெயரை நினைவில் வைப்பதைவிட, நோயாளியின் நிலையைச் சொல்லி முடிவெடுக்கச் சொல்வதுதான் அதில் அதிகம். தேறினால் பார்மசி வாரியத்தில் தற்காலிகப் பதிவு, மேற்பார்வையில் வேலை, எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, பிறகு முழுப் பதிவு.

துபாய், சவுதிக்கு?

நம் பக்கத்திலிருந்து அதிகம் போவது இங்கேதான். சீக்கிரமும் இதுதான். அமீரகத்தில் மட்டும் மூன்று ஆணையம்: துபாய்க்கு ஒன்று, அபுதாபிக்கு ஒன்று, ஷார்ஜா முதலான மற்ற எமிரேட்டுகளுக்கு அமைச்சகம். சவுதியில் சுகாதாரச் சிறப்புத் துறை ஆணையத்தின் தேர்வு. எல்லா இடத்திலும் காகிதச் சரிபார்ப்பும் கணினித் தேர்வும் உண்டு. பட்டத்துக்குப் பிறகான அனுபவத்தையும் பெரும்பாலும் கேட்பார்கள். தேர்வில் தேறினால் வருவது தகுதிக் கடிதம். ஒரு மருந்தகமோ மருத்துவமனையோ உங்களை எடுத்த பிறகுதான் அது லைசென்ஸ் ஆகும். ‘லைசென்ஸ் வாங்கித் தருகிறேன், பணம் கட்டு’ என்று யாராவது சொன்னால் இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கேளுங்கள், திணறுவார்கள்.

சான்றிதழ் முத்திரை விஷயத்திலும் நாட்டுக்கு நாடு மாறும். அப்போஸ்டில் என்பது, காகிதம் அசல்தான் என்று ஒப்பந்த நாடுகள் எல்லாம் ஏற்கும் அரசு முத்திரை. இந்தியாவுக்கு அந்த ஒப்பந்தம் 2005இல் நடைமுறைக்கு வந்தது, அதே ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் போதும். அமீரகம் அதில் இல்லை, அங்கே தூதரக அட்டெஸ்டேஷன்தான்.

தமிழ் மீடியத்தில் படித்தவன் நான். மொழித் தேர்வு தேறுமா?

தேறும். நானும் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம்தான். பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக்கில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் தனித்தனியே 7 வேண்டும், அதுவும் ஒரே தடவையில். மூன்றில் 8 வாங்கி எழுதுவதில் 6.5 வந்தால் திரும்ப எழுத வேண்டியதுதான். மருத்துவத் துறைக்கென்றே உள்ள ஓ.இ.டி. தேர்வையும் ஏற்கிறார்கள், நம்மவர்களுக்கு அதில் பேசும் பகுதி கொஞ்சம் பழகிய இடம்.

நான் செய்தது இதுதான். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத் தாளைத் தினமும் ஒன்று எடுத்து, அதில் இருப்பதைப் படிப்பில்லாத ஒருவருக்குச் சொல்வதுபோல எளிய இங்கிலீஷில் வாய்விட்டுச் சொன்னேன். முதலில் சுவரைப் பார்த்து, அப்புறம் தம்பியிடம். எட்டு மாதம் ஆனது.

அளவுகளையும் கூடவே பழகிக்கொள்ளுங்கள், அங்கே அலகு வேறு. வெறும் வயிற்றில் சர்க்கரை 126 என்று நாம் சொல்வது கனடாவிலும் பிரிட்டனிலும் 7. 18ஆல் வகுக்க வேண்டும். காய்ச்சல் 101 என்றால் அங்கே 38.3. மருந்தைக் கம்பெனிப் பெயரால் கூப்பிடும் பழக்கத்தை இன்றே விடுங்கள். ‘டோலோ’ என்று வாயில் வரும் ஒவ்வொரு முறையும் ‘பாராசிட்டமால் 650’ என்று திருத்திச் சொல்லுங்கள்.

பையன் தோட்டத்தை அடமானம் வைக்கச் சொல்கிறான். ஏஜென்ட் வேலைக்கு உத்தரவாதம் தருகிறாராம். என்ன செய்வதுங்க அம்மணி?

தாராபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அப்பா கேட்டது இது. கையில் மஞ்சள் பை, அதற்குள் பத்திரம்.

அவரிடம் சொன்னதையே எழுதுகிறேன். பதிவு தருவது ஆணையம். எந்த ஏஜென்டும் அதற்கு உத்தரவாதம் தர முடியாது. விண்ணப்பம் எல்லாம் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் நாமே போடக்கூடியவை. பையனுக்குப் படிக்கத் தெரியும், அவனே உட்கார்ந்து போடட்டும். கட்டணமும் விதியும் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் என் பேச்சையும் ஏஜென்ட் பேச்சையும் விட்டுவிட்டு அந்தப் பக்கத்தில் அன்றைக்கு இருப்பதைப் பாருங்கள். ஏஜென்ட் கொடுக்கும் மின்னஞ்சல் முகவரியில் விண்ணப்பம் போடாதீர்கள். பையனின் சொந்த முகவரியில் போடுங்கள், கடவுச்சொல்லும் அவனிடமே இருக்கட்டும். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

அப்புறம் பணம். ஊரிலிருந்தே செய்யக்கூடியதை முதலில் செய்யுங்கள். மொழித் தேர்வு, காகித மதிப்பீடு, இந்தியாவிலேயே எழுதக்கூடிய முதல் தேர்வு. இவ்வளவுக்கும் அவன் சம்பளத்தில் சேர்த்துச் செலவு செய்யட்டும். இதைத் தாண்டினால் அவனால் முடியும் என்பது வீட்டுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தோட்டத்துப் பேச்சை அதற்குப் பிறகு எடுங்கள். கடன் வாங்கினால் பதிவு கிடைக்கும் வரை எத்தனை மாதம் வட்டி கட்ட முடியும் என்று எழுதிப் பாருங்கள். அந்த இடைக்காலத்தில் அங்கே கிடைப்பது பார்மசிஸ்ட் சம்பளம் இல்லை, கடை உதவியாளர் சம்பளம்.

அவர் பத்திரத்தைப் பையில் திரும்ப வைத்துக்கொண்டு போனார். பையன் இப்போது மதிப்பீட்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான்.

கல்லூரி முடித்துப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு, குழந்தைகள் வந்துவிட்டார்கள். இனிமேல் முடியுமா?

முடியும். ஆனால் இடைவெளியை எல்லோரும் கேட்பார்கள். இங்கே ஒரு கடையிலோ மருத்துவமனையிலோ, அரை நாளாக இருந்தாலும் உண்மையாகச் சேர்ந்து வேலை செய்யத் தொடங்குங்கள். கையும் வாயும் பழகும், சான்றும் கிடைக்கும்.

என் அண்ணன் பெண் வெளிநாட்டில் பார்மசி படித்துவிட்டுக் கோயம்புத்தூர் வருகிறாள். இங்கே அவளும் முதலிலிருந்து பதிவு வாங்க வேண்டுமா?

இங்கே நாமும் கதவைப் பூட்டித்தான் வைத்திருக்கிறோம். பார்மசி சட்டத்தின் 14ஆம் பிரிவு, வெளிநாட்டுப் படிப்பை ஏற்பதா இல்லையா என்று முடிவு செய்யும் அதிகாரத்தை இந்தியப் பார்மசிக் கவுன்சிலுக்குக் கொடுத்திருக்கிறது. மாநிலக் கவுன்சில் தானாகப் பதிய முடியாது. அதனால் முதலில் டெல்லியில் உள்ள இந்தியக் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். படித்த பல்கலைக்கழகம், பாடத்திட்டம், எத்தனை வருஷம், அந்த நாட்டில் பதிவு பெற்றாளா என்ற விவரத்தோடு எழுதட்டும். ஏற்பு வந்த பிறகு தமிழ்நாடு கவுன்சிலுக்குப் போகலாம். வெளிநாட்டுக் குடிமகளாக இருந்தால், அந்த நாடு இந்தியர்களை வேலை செய்ய விடுகிறதா என்பதும் பார்க்கப்படும்.

அவள் இன்னும் கிளம்பவில்லை என்றால் இன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லுங்கள்: பாடத்திட்டப் புத்தகத்தையும் மூடி முத்திரையிட்ட டிரான்ஸ்கிரிப்ட் இரண்டு செட்டையும் அங்கே இருக்கும்போதே வாங்கிக்கொண்டு வரட்டும். இங்கே வந்த பிறகு கேட்டால் மாதக்கணக்கில் ஆகும்.